எதிர்க்கடைக்காரர் போட்ட முத்திரை

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் சங்கத் தலைவர் விஸ்வேஸ்வரன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் முகமது இஸ்மாயில் ராவுத்தர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் செயலாளரின் துணைவியார் கமலாக்ஷி அம்மாள் அவர்களே, கடையடைத்துவிட்டு வந்திருக்கும் மட்டாஞ்சேரி மிளகு வணிகர்களே, சாக்குத் தைக்கும் சகோதரிகளே, வேலை முடிந்த கையோடு வந்து வாசலில் நிற்கும் வள்ளக்காரர்களே, உள்ளே வாருங்கள், இடம் இருக்கிறது. எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் மலையாளத்தில் பேசினார்கள், நன்றாகப் பேசினார்கள். கமலாக்ஷி அம்மாள் என்னைத் தமிழில் பேசச் சொன்னார். "அவர் கணக்குப் போடறதும் கோபப்படறதும் தமிழ்லதான், கங்காம்மா. நீங்க தமிழ்லயே சொல்லுங்கோ" என்றார். அதனால் தமிழில் பேசுகிறேன்.

நான் இந்தச் சங்கத்தின் பரிசோதனைச் சாலையில் மிளகு பார்ப்பவள். புகழ்ந்து பேசுவது என் தொழில் அல்ல. ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று தேடுவதுதான் என் தொழில். மறைந்த நம் செயலாளர் வெங்கிடேஸ்வரன் அவர்களோடு அநேகமாகப் பத்தாண்டுகள் பக்கத்து அறையில் வேலை பார்த்தேன். அவரிடமும் தேடிப் பார்த்திருக்கிறேன். பிடிவாதம் இருந்தது. வெற்றிலைக் கறை படிந்த மேல்துண்டு இருந்தது. யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விடும் வழக்கம் இருந்தது. கலப்படம் இருக்கவில்லை.

இன்று அவரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார என்னால் முடியாது. இந்தக் கூட்டம் முடிந்ததும் செயற்குழு கூடுகிறது. அங்கே ஒரு தீர்மானம் வரப்போகிறது. எதிர்க்கடை முத்திரை இனி வேண்டாம், அவரவர் சரக்குக்கு அவரவரே முத்திரை போட்டுக்கொள்ளலாம் என்பது தீர்மானம். அதைக் கொண்டுவருபவர் ராவுத்தர் அவர்கள். அவர் என்னிடம் ஒளிக்கவில்லை, நேற்றே சொன்னார். நானும் ஒளிக்காமல் மேடையில் சொல்கிறேன். வெங்கிடேஸ்வரன் அவர்கள் செய்த வேலை எது, அது இன்றோடு நிற்க வேண்டுமா என்ற கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு நான் சொல்வதைக் கேளுங்கள்.

எதிர்க்கடை முத்திரை என்றால் என்ன? இங்கே இருக்கும் உங்களுக்குத் தெரியும். எர்ணாகுளத்திலிருந்து வந்திருக்கும் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். ஐம்பதுகளின் நடுவில் நம் சிறு வணிகர்களின் மிளகை அயல்நாட்டில் யாரும் நம்பி வாங்கவில்லை. பெரிய கம்பெனிகளின் பெயர் அச்சிட்ட சாக்கு என்றால் வாங்குவார்கள். நம் சாக்கு என்றால் திறந்து, கொட்டி, சலித்து, அப்புறம்தான் விலை பேசுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடையிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து வள்ளத்துக்கு, வள்ளத்திலிருந்து வில்லிங்டன் தீவுத் துறைமுகக் கொட்டகைக்கு, அங்கிருந்து கப்பலின் வயிற்றுக்கு. இத்தனை கை மாறுகிற வழியில் நல்ல மிளகு குறைவதும், வேறு ஏதாவது கூடுவதும் நடக்காத காரியமா?

அப்போது வெங்கிடேஸ்வரன் அவர்கள் ஒரு வழி சொன்னார். சாக்கின் வாயைத் தைக்கும் முன் எதிர்க்கடைக்காரர் வர வேண்டும். அவர் குழல்போன்ற குத்தூசியால் சாக்கைக் குத்தி, நடுவிலும் அடியிலும் இருக்கும் மிளகை எடுத்துப் பார்க்க வேண்டும். பார்த்தபின் அவர் கண்ணெதிரே தைக்க வேண்டும். தைத்த நூலின் நுனியில் ஈய வில்லையைக் கோத்து, அவர் தம் இடுக்கியால் தம் முத்திரையை அழுத்த வேண்டும். சரக்கு உங்களுடையது, முத்திரை உங்கள் போட்டியாளருடையது. சரக்கில் குறை வந்தால் முத்திரை போட்டவரும் பதில் சொல்ல வேண்டும்.

இதைக் கேட்டு இந்தக் கூடம் எப்படிச் சிரித்தது! அந்தக் காலத்தில் வெங்கிடேஸ்வரன் அவர்களும் ராவுத்தர் அவர்களும் நேரெதிர்க் கடை. ஒருவர் கடைக்கு வரும் தரகரை மற்றவர் சாயா வாங்கிக் கொடுத்து இழுப்பார். ராவுத்தர் எழுந்து நின்றார்.

"நல்லா இருக்கே சாமி, உம்ம நியாயம். எங்க வீட்டு நிக்காஹுக்கு எதிர்க்கடைக்காரன் வந்து சாட்சி நிக்கணுமாக்கும்?"

"சாட்சி இல்லாம நிக்காஹ் உண்டோ, ராவுத்தரே?"

ராவுத்தர் உட்கார்ந்துவிட்டார். அன்று தொடங்கியது எதிர்க்கடை முத்திரை.

நான் அப்போது வேலைக்குப் புதிது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. அவரிடமே சொன்னேன். முத்திரை எதை நிரூபிக்கிறது? யாரோ அழுத்தினார்கள் என்பதை மட்டும்தான். உள்ளே பொய் இருந்தால் அந்தப் பொய்யையும் அது பத்திரமாகப் பூட்டித்தான் வைக்கும். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"பூட்டறவனும் சரக்குக்காரனும் ஒருத்தனா இருந்தா நீங்க சொல்றது சரி. வேற வேற ஆளா இருந்தா?"

"அப்போதும் இருவரும் சேர்ந்துகொள்ளலாமே?"

"அவா ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னா? அதுக்குத்தானே எதிர்க்கடையாப் பார்த்து வெச்சிருக்கேன்."

மனிதர்கள் நல்லவர்கள் என்ற நம்பிக்கையில் அவர் ஒன்றையும் கட்டவில்லை. மனிதர்களுக்குள் இருக்கும் போட்டியை எடுத்து அதற்கு ஒரு வேலை கொடுத்தார். அவர் மேல் எனக்கு மதிப்பு வந்தது அந்தப் பதிலில்தான்.

ஒவ்வொரு கடைக்கும் ஒரு சித்திரம் வேண்டும் என்று முடிவு செய்தவரும் அவரே. எழுத்து வேண்டாம், எண் வேண்டாம், புடைப்பாக ஒரு சித்திரம். ராவுத்தர் வள்ளத்தை எடுத்துக்கொண்டார். விஸ்வேஸ்வரன் அவர்கள் மயிலை எடுத்துக்கொண்டார். நம் செயலாளர் குடையை எடுத்துக்கொண்டார். ஏன் குடை என்று கேட்டால், மட்டாஞ்சேரியில் வேறு என்னத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறோம் என்பார். சித்திரம் எதற்கு? வள்ளக்காரர் கட்டைவிரலால் தடவிப் பார்த்து வாங்க வேண்டும். கொட்டகைக் காவலர் இருட்டில் தடவிப் பார்க்க வேண்டும். கை மாறும் இடத்திலெல்லாம் வாங்குகிற கை சொல்ல வேண்டும், இது குடை, இது வள்ளம், இது உடைந்திருக்கிறது என்று.

நூலின் நிறத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. தினமும் ஒரு நிறச் சணல். எந்த நிறம் என்பதைக் காலையில் தையல் பகுதித் தலைவி அம்மிணி, எல்லா நிற நூல்துண்டும் கிடக்கும் ஒரு பானைக்குள் கைவிட்டு எடுப்பார். அதற்கு முன் யாருக்கும் தெரியாது; தெரிந்தால் அதே நிற நூலை முன்னாலேயே வாங்கி வைத்து, சாக்கை வழியில் பிரித்துத் தைத்துவிடலாமே. ஒரு தடவை ஒரு வியாபாரி, அவர் இன்று சங்கத்தில் இல்லை, அம்மிணியிடம் புடவையோடு வந்து மறுநாள் நிறம் கேட்டாராம். "சேட்டா, நாளைக்கு எந்த நிறம்னு எனக்கே அறியாது. புடவையை அந்தப் பானைகிட்டே கொடுத்து நோக்கு" என்று அம்மிணி சொன்னதை நம் செயலாளர் ஊர் முழுவதும் சொல்லிச் சிரித்தார். அம்மிணி, நீங்கள் இப்போது சிரிக்கலாம். அவருக்கும் பிடித்திருக்கும்.

ஐந்தாறு ஆண்டுகள் போயின. நம் சாக்கை அயல்நாட்டில் திறக்காமல் வாங்க ஆரம்பித்தார்கள். குடை இருந்தால் சரி, மயில் இருந்தால் சரி. அந்த நம்பிக்கை வந்த நேரத்தில்தான் ஒரு தவறும் வந்தது. இப்படி ஒரு தவறை வேறு ஊரில் யாரும் செய்திருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

என்ன தவறு? எதிரிகள் நண்பர்களாகிவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். நாள்தோறும் ஒருவர் கடைக்கு மற்றவர் போகிறார். குத்தூசியால் குத்துகிறார். தைத்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் சும்மாவா இருப்பார்கள்? சாயா வரும். பேச்சு வரும். மகனுக்குப் படிப்பு வரவில்லை என்ற கவலை வரும். மகளுக்கு வரன் பார்க்கும் செய்தி வரும். இரண்டு மூன்று ஆண்டுகளில் வெங்கிடேஸ்வரன் அவர்களும் ராவுத்தர் அவர்களும் பிரியாத நண்பர்கள். இந்தச் சந்தில் தொண்டை வற்றச் சண்டை போட்டவர்களா இவர்கள் என்று நாங்கள் ஆச்சரியப்பட்டோம். மகிழவும் செய்தோம். எதிர்க்கடை என்ற ஏற்பாட்டின் அடித்தளமே இளகிக்கொண்டிருக்கிறது என்று யாரும் எண்ணவில்லை. சந்தேகப்படுவதற்காகச் சம்பளம் வாங்கும் நானும் எண்ணவில்லை.

அறுபத்தொன்றாம் ஆண்டு நோன்பு மாதம் மிளகு வரவு மும்முரமாக இருக்கும் நேரத்தில் வந்தது. ராவுத்தர் கடையில் சரக்கு மலைபோல் கிடந்தது. மாலையில் முத்திரை போடுவது வழக்கம். எல்லாச் சாக்கையும் குத்திப் பார்த்து முடிப்பதற்குள் நோன்பு திறக்கும் நேரம் வந்துவிடும். பகல் முழுவதும் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள், ஓர் ஐயர் குத்தூசியோடு நிற்பதால் காத்திருக்க வேண்டுமா? வெங்கிடேஸ்வரன் அவர்களுக்கு மனம் கேட்கவில்லை. பாதிச் சாக்குகளைப் பார்த்துவிட்டு இடுக்கியை ராவுத்தர் கையில் கொடுத்தார்.

"மிச்சத்தை நீங்களே அழுத்திடுங்கோ. எல்லாரும் போய் நோன்பு திறக்கட்டும். நான் இருந்தா என்ன, இல்லாட்டா என்ன."

ஒரு நாள் இல்லை, ஒரு வாரம் இப்படி நடந்தது. எவ்வளவு நல்ல மனது! அந்த நல்ல மனதுதான் குடை முத்திரையைச் சரக்குக்காரர் கையில் கொடுத்தது.

அந்தச் சரக்கு வள்ளத்தில் வில்லிங்டன் தீவுக்குப் போயிற்று. இறக்கும்போது ஒரு சாக்கு வழுக்கி விழுந்து கிழிந்தது. சிந்தியதில் ஒரு பிடியை வழக்கப்படி பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். வெட்டிப் பார்த்தேன். பப்பாளி விதை, இந்த ஊர்ப் பேச்சில் கப்பளங்கா விதை. ஒன்றிரண்டு இல்லை, தாராளமாக. கிழிந்த சாக்கின் நூலில் ஈயம் தொங்கியது. அதில் குடை.

அதை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அவர் ஈயத்தைத் தடவிப் பார்த்தார். விதையைப் பார்த்தார். நான் ராவுத்தரைச் சந்தேகித்தேன், அதை வாய்விட்டும் சொன்னேன். ராவுத்தர் அவர்களுக்கு இது தெரியும்.

"கங்காம்மா, அது அப்புறம். அந்தச் சாக்கை நான் குத்திப் பாக்கலை. என் கையால அழுத்தவும் இல்லை. அதை முதல்ல சொல்லணும்" என்றார்.

யாரிடம் சொல்ல? அவர் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கப்பல் வந்து நிற்கிறது. ஒரு பெரியவர் மெல்ல யோசனை சொன்னார், "நாம ரெண்டு பேர் போய் கெட்ட சாக்கை மட்டும் மாத்தி வெச்சுடலாம், சாமி. கப்பல்காரன் அறிய மாட்டான்." அவர் பெயர் வேண்டாம். இங்கேதான் இருக்கிறார், கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

வெங்கிடேஸ்வரன் அவர்கள் என்ன செய்தார்? சங்க உறுப்பினர் அத்தனை பேரையும் பகல் வெளிச்சத்தில் தீவுக் கொட்டகைக்கு வரச் சொன்னார். குடை முத்திரை உள்ள எல்லாச் சாக்கையும் எல்லோர் முன்னாலும் அவிழ்ப்பது என்றார். ராவுத்தர் அதைக் கேட்டு ஓடி வந்தார். அவர் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"இத்தனை பேர் முன்னால என் சாக்கைக் கிழிக்கப் போறீரா? நோன்பு மாசத்துல என்னைக் கள்ளன்னு காட்டப் போறீரா, சாமி?"

"உங்க சாக்கு இல்லை, ராவுத்தரே. என் குடையைத்தான் அறுக்கறேன்."

"ரெண்டும் ஒண்ணுதானய்யா."

"ஒண்ணா ஆக்கினதுதான் நான் பண்ணின தப்பு."

சொல்லிவிட்டு வணிகர்களைப் பார்த்துத் திரும்பினார். இடுக்கியை ராவுத்தர் கையில் கொடுத்ததைச் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிறகு தாமே கத்தியால் முதல் நூலை அறுத்தார்.

மூன்று சாக்கில் மட்டும்தான் கெட்ட சரக்கு இருந்தது. மலையிலிருந்து ஒரு தரகர் கடைசியாகக் கொண்டுவந்த மிளகு அது. ராவுத்தரும் அவரிடம் ஏமாந்திருந்தார். அன்று மாலை குத்தூசி இறங்கியிருந்தால் ராவுத்தர் அந்தத் தரகரை அங்கேயே பிடித்திருப்பார். என் சந்தேகம் தவறு என்று அன்றே அவரிடம் சொன்னேன். ஆனால் அவமானம் அவமானம்தானே. கப்பல் நம் சரக்கை விட்டுவிட்டுப் போயிற்று. அடுத்த கப்பலுக்கு அதே வெளிநாட்டு வியாபாரிகள் திறக்காமலே வாங்கினார்கள். கொட்டகையில் நடந்த செய்தி அவர்களுக்கும் எட்டியிருந்தது. சங்கம் பிழைத்தது. நட்புதான் பிழைக்கவில்லை.

ராவுத்தர் பேச்சை நிறுத்திவிட்டார். எதிரெதிர்க் கடை, ஒரே சந்து, முகம் பாராமல் இருவரும். முத்திரைக்கு வேறு ஆளை மாற்றிவிடலாம் என்று செயற்குழு சொன்னது. ராவுத்தர் என்ன பதில் அனுப்பினார் தெரியுமா? "குடை விழாம என் சரக்கு கப்பல் ஏறாது."

அப்படியே நடந்தது. ஓர் ஆண்டுக்கு மேல் வெங்கிடேஸ்வரன் அவர்கள் நாள்தோறும் அந்தக் கடைக்குப் போனார். ஒரு சாக்கைக்கூட விடாமல் குத்தினார். நோன்பு மாதத்தில் மாலையில் போகாமல் காலையிலேயே போனார். ராவுத்தர் ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் நின்றார். சாயா வரவில்லை. இடுக்கியை ஒரு கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் வழக்கம் அப்போது வந்ததுதான். தூங்கும்போது தவிர அவிழ்க்க மாட்டார். "சாப்பிட உக்காரும்போதாவது அதைக் கழட்டி வையுங்கோளேன், சாம்பார்ல படறது" என்று கமலாக்ஷி அம்மாள் கெஞ்சியதை நானே கேட்டிருக்கிறேன். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் காலைக் கழுவும்போது அது தாம்பாளத்தில் மோதி மணிபோல் ஒலித்தது. புரோகிதர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

பிறகு ஒரு நாள், ஏதோ ஒரு சாதாரண நாள், குத்தூசியில் வந்த மிளகை அவர் உள்ளங்கையில் கொட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். ராவுத்தருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன சாமி, கெடச்சுதா கப்பளங்கா விதை?"

"கிடைக்கலை. கண்ணுதான் மங்கறது. ஒரு சாயா கொடுத்தா தெளியுமோ என்னமோ."

சாயா வந்தது. இரண்டு கிளாஸ் வந்தது. அதற்குப் பின் அவர்கள் பேச்சை நிறுத்தவே இல்லை. குத்துவதையும் அவர் நிறுத்தவில்லை. நோய் முற்றி வீட்டோடு படுப்பதற்கு முந்தைய மாலைவரை ராவுத்தர் கடைச் சாக்கு ஒவ்வொன்றையும் குத்திப் பார்த்தார்.

அன்பர்களே, இப்போது அந்தத் தீர்மானத்துக்கு வருகிறேன். நேற்று ராவுத்தர் என்னிடம் சொன்னதை அவர் அனுமதியோடு சொல்கிறேன். "சாமி இல்லாம வேறொருத்தன் வந்து என் சாக்கைக் குத்தறதை என்னால பாத்துட்டு நிக்க முடியாதும்மா. சாமியோட அது முடியட்டும்." சிலர் வேறு காரணம் சொல்கிறார்கள். சர்க்கார் பரிசோதனை வந்துவிட்டது, இனி நமக்கு எதற்கு என்கிறார்கள். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். சர்க்கார் அதிகாரி மிளகைப் பார்த்துவிட்டுப் போவார். அவர் போனபின் கப்பல்வரை சாக்கோடு போவது நம் முத்திரைதான். இது வாதம், இதில் நான் ஜெயிக்கலாம். ராவுத்தர் சொன்னதற்கு எப்படிப் பதில் சொல்வேன்? அது அன்பு. எனக்கு அதுதான் பயம். முன்பும் அன்பினால்தான் இடுக்கி கை மாறியது.

கமலாக்ஷி அம்மாளிடம் போய் இதைச் சொன்னேன். அவர் கேட்டார்.

"எங்க கடை இன்னும் எதிர்லதானே இருக்கு?"

"ஆமாம்."

"இனிமே கடையைப் பாத்துக்கப் போறது நான். அப்போ ராவுத்தருக்குப் போட்டி யாரு? நான்தானே? மத்தவா எதுக்கு அங்க போகணும்?"

காரியங்கள் முடிந்து சில நாட்களே ஆகின்றன. இவ்வளவு சீக்கிரம் கடைக்குப் போனால் உறவில் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். "சுளிக்கறவா வந்து குத்தட்டும்" என்றார்.

நம் சங்கத்தில் ஒரு விதி உண்டு. உறுப்பினர் மறைந்தால் அவருடைய முத்திரை அச்சை இரங்கல் கூட்டத்திலேயே உடைக்க வேண்டும். இல்லாத மனிதரின் முத்திரை ஒரு சாக்கிலும் விழக்கூடாது. உடைக்க வேண்டியவர் அவருடைய எதிர்க்கடைக்காரர். விதியை எழுதியவர் வெங்கிடேஸ்வரன். குடையை உடைக்காமல் நினைவாக வைத்துக்கொள்ளலாமா என்று ராவுத்தர் கேட்டார். வேண்டாம் என்று கமலாக்ஷி அம்மாள் சொல்லச் சொன்னார். தமக்கு வேறு அச்சு செய்யக் கொடுத்துவிட்டார். என்ன சித்திரம் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை, கேட்டதற்கு, நாளைக்கு ஈயத்தில் பாருங்கள் என்றார்.

நான் இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன். நான் பரிசோதனைச் சாலையில் இருக்கும்வரை எதிர்க்கடை முத்திரை இல்லாத சாக்குக்குச் சான்று எழுத மாட்டேன். தையல் பகுதியின் சார்பில் அம்மிணியும், படகுத்துறையின் சார்பில் வள்ளக்காரர்களும் இதையே சொல்லச் சொன்னார்கள். வணிகர்களாகிய நீங்கள் செயற்குழுவில் உங்கள் பதிலைச் சொல்லுங்கள்.

ராவுத்தர் அவர்களே, எழுந்து வாருங்கள். அச்சு இந்த மேஜையில் இருக்கிறது, சுத்தியல் பக்கத்தில் இருக்கிறது. அவசரம் இல்லை, நாங்கள் காத்திருக்கிறோம். உங்களிடம் சொல்லச் சொல்லி கமலாக்ஷி அம்மாள் ஒரு செய்தியும் கொடுத்திருக்கிறார். நாளைக் காலை அவர் உங்கள் கடைக்கு வருகிறார். எல்லாச் சாக்கையும் குத்திப் பார்ப்பார். "அவர் மாதிரி பாதியில எழுந்து போற வழக்கம் எனக்கு இல்லைன்னு ராவுத்தர்கிட்டச் சொல்லிடுங்கோ" என்றார்.